வெள்ளரிப்பழம் விடியும்வரை இருக்காது

பிள்ளைப்பாக்கம் தாண்டவராயன் காலரா ஒழிப்புக் கமிட்டிக்குத் தலைவரானதற்கு, அவர் வீட்டில்தான் கூட்டம் போடுமளவுக்கு நாற்காலிகள் இருந்தன என்பதைத் தவிர வேறு காரணம் யாருக்கும் தெரியாது. அறுபத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை. பென்னலூரில் இரண்டு பேர் வாந்திபேதியில் போய்விட்டார்கள். கமிட்டி கூடியது. தலைவர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"ஒரு தட்டில் உயிர். மறு தட்டில் வியாபாரம். எது கனம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!"

எல்லோரும் நெஞ்சைத் தொட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர்ச் சந்தை மூடப்பட்டது. டீக்கடைப் பெஞ்சுகள் கவிழ்க்கப்பட்டன. பழம் விற்கக் கூடாது, நாலு பேருக்கு மேல் ஓரிடத்தில் சேரக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். தண்டோராக்காரனுக்குப் பின்னால் தெருவே திரண்டு நடந்து இதைக் கேட்டுக்கொண்டது.

தராசின் எந்தத் தட்டிலும் இடம் கிடைக்காதவள் அம்சவல்லி. புருஷன் இல்லாதவள். தண்ணீர் வற்றிய ஏரிக்குள் வெள்ளரி போட்டிருந்தாள். அவள் கையில் காசு பார்ப்பது வருஷத்துக்கு இந்த ஒரு முறைதான். வெள்ளரிப்பழத்துக்கோ கமிட்டியின் கஷ்டம் புரியாது. பழுத்தால் தானாக வெடிக்கும். வெடித்ததை அன்றே தின்றாக வேண்டும். மறுநாள் மாடுகூட யோசிக்கும்.

அவள் தலைவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பெரியப்பா, தண்ணிய கொதிக்க வெக்கச் சொன்னீங்க, வெக்கிறேன். ஊசி போடச் சொன்னீங்க, போட்டுக்கினேன். பென்னலூர்ல செத்ததுல ஒருத்தன் என் அத்த மவன். எனக்கும் பயம் கீது. ஆனா சந்தையே இல்லன்னா நான் இன்னாத்த துன்றது?"

"உயிர் பெரிசா, வெள்ளரிப்பழம் பெரிசா, நீயே சொல்லு அம்சா."

"பழம் வித்தாத்தானே உசுரு? சரி, இன்னா பந்தலு?"

"நம்ம பொண்ணு சரோஜாவுக்கு வெள்ளிக்கிழம கல்யாணம். நீயும் வந்துடு."

"நாலு பேருக்கு மேல சேரக் கூடாதுன்னீங்களே?"

"அது சந்தைக்கும்மா. இது வூட்டு விசேஷம். நாலு நாலு பேராத்தான் வருவாங்க."

அம்சவல்லி அங்கிருந்து நேராக மாரியம்மன் கோயில் பூசாரி கன்னியப்பனிடம் போனாள். ஊரில் நோய் இறங்கினால் அம்மனுக்குக் காப்புக் கட்டுவது வழக்கம். மஞ்சள் கயிறு கட்டிய பிறகு கூழ் ஊற்றி முடிக்கும்வரை எந்த வீட்டிலும் தாளிக்க மாட்டார்கள். வெளியூரார் ராத்தங்கக் கூடாது. கல்யாணம் என்ற பேச்சே கிடையாது.

"நோவு வந்து எத்தினி நாளாவுது, ஏன் அண்ணே இன்னும் காப்பு கட்டல?"

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "தலைவரு பொண்ணு கல்யாணம் முடியட்டும்னாரு."

"ஆத்தாளுக்கும் பத்திரிகை வச்சிட்டாரா?"

கன்னியப்பனுக்குச் சுருக்கென்றது. மறுநாள் சாயங்காலம் காப்பு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் கமிட்டி அவசரமாகக் கூடியது. தராசைப் பற்றி யாரும் பேசவில்லை. "நம் அயராத உழைப்பால் காலரா ஒழிந்தது. நோயே இல்லாத ஊரில் காப்பு எதற்கு?" என்றார் தலைவர். கைதட்டினார்கள். காலையிலேயே சந்தை திறக்கலாம் என்று தீர்மானமானது.

காலையில் அம்சவல்லி கூடைகளில் வைக்கோல் பரப்பிப் பழத்தை அடுக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கிடைத்த இடம் கமிட்டியின் விளம்பரப் பலகைக்குக் கீழே. அதில் வரைந்திருந்தது பிளந்த வெள்ளரிப்பழம், அதன்மேல் கோழி அளவில் ஓர் ஈ, பக்கத்தில் மண்டையோடு. பலகையை வைக்கத் தீர்மானம் போட்டவர்கள் எடுக்கத் தீர்மானம் போடவில்லை. அதனால் யாரும் எடுக்கவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள், பழத்தைப் பார்த்தார்கள், கத்தரிக்காய் வாங்கப் போனார்கள்.

உச்சி வேளையில் தலைவர் சந்தையைப் பார்வையிட வந்தார். அம்சவல்லி ஒரு கீற்றின்மேல் வெல்லம் தூவி நீட்டினாள்.

"நோவு இல்லன்னு சொன்னீங்களே பெரியப்பா. ஒரு வாய் துன்னுங்க, ஜனம் பாக்கட்டும்."

"எனக்கு... சளி புடிச்சிகினு கீது."

கூட்டத்திலிருந்து கன்னியப்பன் முன்னே வந்தார். மடியில் மஞ்சள் கயிறு. "தலைவரே துன்னலன்னா நோவு கீதுன்னுதானே அர்த்தம்? இன்னிக்கே கட்டிட வேண்டியதுதான்."

தாண்டவராயன் பலகையில் இருந்த ஈயைப் பார்த்தார். பெண்ணின் கல்யாணத்தை நினைத்துக்கொண்டார். கண்ணை மூடி, வேப்பெண்ணெய் குடிக்கிறவர்போல, கீற்றை முழுசாக விழுங்கினார்.

சந்தையே மூச்சை விட்டது. அம்சவல்லி அவசரமாகத் தராசை எடுத்தாள்.

"துன்னுட்டாருப்பா!" என்றது கூட்டம்.

"நல்லாத்தான் கீறாரு."

"இப்பவே எப்படித் தெரியும்? ராத்திரிக்கு மேலதான் அது காட்டும். காலைல எழுந்து பல்லு வெளக்குறாரான்னு பாத்துட்டு வாங்கிக்கலாம்."

இந்த யோசனை எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. தலையாட்டிக்கொண்டு கலைந்தார்கள். தலைவர் வயிற்றைப் பிடித்தபடி வீட்டுக்கு விரைந்தார்.

"யோவ்! காலைல அவரு இருப்பாருய்யா, என் பழம் இருக்காதுய்யா!" என்று அம்சவல்லி கத்தினாள்.

யாரும் திரும்பவில்லை. காலி தராசு அவள் கையில் ஆடிக்கொண்டிருக்க, கூடைக்குள் வைக்கோலுக்கு அடியில் ஒரு பழம் பட்டென்று வெடித்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.