வளைந்த குழி

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கிருஷ்ணராஜ் குழி வெட்டத் தொடங்கியபோது, அவன் மாணிக்கக் கல் தேடுகிறான் என்றுதான் தேயிலைத் தோட்டமே நினைத்தது. குறை சொல்ல முடியாது. மாணிக்கம் விளையும் ஓப்பநாயக்கவில் ஒருவன் மண்வெட்டியைக் கையில் எடுத்தால், மரவள்ளி நடத்தான் என்று அவனைப் பெற்றவளே நம்பமாட்டாள். போதாததற்கு கிருஷ்ணராஜ் அதிகம் பேசாத ஆள். கேட்டால் சிரிப்பான். சிரித்தால் கல் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். நாலாம் வீட்டுத் தெரேசம்மா ஒரு தீப்பெட்டியை இரவல் கொடுக்கவே யோசிக்கிறவள். அவளே மூன்றாம் நாள் அவனுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அது என்ன குழி என்று எனக்கு மட்டும் தெரியும். சசி சொல்லியிருந்தாள்.

சசி என் தங்கச்சி. அவளைக் கிளிநொச்சியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் புருஷன் கிருஷ்ணராஜும் நம்ம ஆள்தான். எழுபத்தேழு கலவரத்தில் இங்கிருந்து ஓடிப்போய் அங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கலவரத்துக்குப் பயந்து போன இடத்தில் ஆகாயத்திலிருந்து குண்டு விழும் என்று யார் கண்டது? தொண்ணூற்றொன்பதில் மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். ஒரு சூட்கேஸ், ஒரு அரிசிச் சட்டி, நாலு வயது மகள் நிரோஷா. ஒன்பது வருசத்துக்குப் பிறகு தங்கச்சியைப் பார்க்கிறேன். என் பாதி எடைதான் இருந்தாள். அவளை இனி எங்கேயும் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். புருஷனைப் பறிகொடுத்துத் தனியாகக் கிடந்தவள் நான். எனக்கும் ஆள் வேண்டியிருந்தது.

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது என் வேலை. நிரோஷாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாளே மந்திரி யாரோ போகிற ஹெலிகொப்டர் ஒன்று மலைக்கு மேலே வந்தது. என் பிள்ளைகள் வழக்கம்போல வாசலுக்கு ஓடி டாட்டா காட்டினார்கள். நிரோஷா மட்டும் அப்படியே தரையில் குப்புற விழுந்தாள். இரண்டு விரலையும் காதில் வைத்து, வாயை அகலத் திறந்துகொண்டு கிடந்தாள். ஹெலிகொப்டர் போய்ச் சத்தம் அடங்கியும் எழும்பவில்லை.

சாயங்காலம் சசியிடம் சொன்னேன்.

"வாயத் தொறக்கலேன்னா காது கிழிஞ்சுரும் அக்கா. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள், ஏதோ கையெழுத்துப் பழக்கிவிட்ட மாதிரி. பிறகு அவளாகவே சொன்னாள். "மொதல்ல ஒண்ணு உசரத்துல சுத்தும். வண்டுன்னு சொல்லுவோம். அது படம் புடிச்சிக்கிட்டுப் போயிரும். அப்பறம் குண்டு போடுற கிபிர் வரும். ஒரு சுத்து சுத்திட்டுத்தான் குத்தும். அந்த ஒரு சுத்துக்குள்ள பங்கர் குழிக்குள்ள போயிரணும். பள்ளிக்கூடமா ஆஸ்பத்திரியான்னு பாத்தெல்லாம் போடுறதில்ல."

"இங்க கிபிர் வராது, சசி."

"தெரியும். ஆனா குழி இல்லாத வீட்டுல எனக்கு உக்கார முடியல அக்கா. சோறு எறங்க மாட்டேங்குது."

அதற்காகத்தான் கிருஷ்ணராஜ் வெட்டினான்.

இதற்குள் பிள்ளைக்காம்பராவில் நிரோஷாவின் வித்தை தொற்றிக்கொண்டது. கொழுந்து லொறி மேட்டில் உறுமினால் போதும், பதினோரு பிள்ளைகளும் சொத்தென்று குப்புற விழுந்து வாயைத் திறப்பார்கள். அதற்குப் 'பிளேன் விளையாட்டு' என்று பேர் வைத்தார்கள். நிரோஷாதான் தலைவி. வாயை மூடியிருப்பவர்களிடம் போய், "வாயத் தொறந்து வையி, காது கிழிஞ்சுரும்" என்று சசி குரலிலேயே அதட்டுவாள். சட்டையெல்லாம் சேறு என்று தாய்மார் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். நிரோஷா விளையாடுகிறாள் என்றால் பயம் பாதி போய்விட்டது என்றுதானே அர்த்தம்.

குழியைப் பார்க்க வந்தவர்களில் லாபிர் நானாவும் ஒருவர். ஓப்பநாயக்க டவுனில் கல் வியாபாரம் செய்கிறவர். குழிக்குள் இறங்கி, மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். மேலே ஏறி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கல்லுக்குழி நேரா கீழதான் போவும். இது ஏன் ஆறடி போய்ச் சோத்தாங்கைப் பக்கம் திரும்புது?"

அந்த வளைவுதான் உயிர் என்று சசி சொல்லியிருந்தாள். வாசலில் குண்டு விழுந்தாலும் சில்லு வளைந்து வராது.

அவர் லயத்தைப் பார்த்தார், வாசலில் உட்கார்ந்திருந்த சசியைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"கீழ கிராமத்துப் பொடியன்மார் பாதிப்பேர் ஆமியில. லீவுல வார ஒருத்தன் எட்டிப் பாத்தா இது என்னாண்டு சொல்லிருவான். கிளிநொச்சியால வந்த ஆள் பங்கர் வெட்டி இரிக்கிறாண்டா, அந்தப் புள்ளைட வாப்பா ஊடு திரும்ப மாட்டான். விளங்குதா?"

எனக்கு விளங்கியது. மூடிவிடு என்றேன் சசியிடம். மூடினால் நாளைக்கே வவுனியாவுக்குப் பஸ் ஏறுவேன் என்றாள். வைத்திருந்தால் அவள் புருஷன் போவான், மூடினால் என் தங்கச்சி போவாள். அந்த ஒரு கிழமை நான் சாப்பிட்டது ஞாபகமில்லை.

வழி சொன்னது லாபிர் நானாதான். "ஊரு கல்லுக்குழிண்டு தானே சொல்லுது. சொல்லட்டும். லைசன் இல்லாமக் கல்லுத் தோண்டினா கோட்டு, அபராதம். அவ்வளவுதான்." தன் குழியிலிருந்து நாலு சாக்கு சரளைக் கல்லும், கல் அலசும் பழைய கூடை ஒன்றும் அனுப்பினார். சாக்குகளை வளைவின் வாயில் அடுக்கி மறைத்தோம். கூடையைப் பார்த்ததும் தெரேசம்மா தன் மகளுக்கு நகை செய்யக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள்.

பங்கு கிடைக்காத கோபத்தில் யாரோ பெட்டிசன் போட்டிருக்க வேண்டும். கூடை வந்த பத்தாம் நாள் காலை பொலிஸ் ஜீப் மேட்டில் ஏறியது. நான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். ஜீப் சத்தம் கேட்டு நிரோஷா எனக்கு முன்னால் பாய்ந்து, குழிக்குள் குதித்து, சாக்குகளை ஒட்டிக் குப்புறக் கிடந்தாள். காதில் விரல். வாய் திறந்தபடி.

சார்ஜன்ட் குழியின் விளிம்பில் நின்று பார்த்தார். கல் அலசும் கூடையைப் பார்த்தார், சரளையைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். இந்தப் பிள்ளை ஏன் இப்படிக் கிடக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். பிறந்ததிலிருந்து பேசுகிற சிங்களம் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கிருஷ்ணராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்து ஜீப்பைத் திருப்ப டிரைவர் எஞ்சினை முறுக்கினான். என் பின்னால் நின்ற பதினோரு பிள்ளைகளும் சொத்தென்று சார்ஜன்டின் சப்பாத்தைச் சுற்றி விழுந்தார்கள். பதினோரு வாயும் திறந்திருந்தது.

"விளையாட்டு, மாத்தயா" என்றேன். அதற்கு மட்டும் குரல் வந்தது. "லொறி வந்தாலும் இப்படித்தான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கிருஷ்ணராஜை ஜீப்பில் ஏற்றினார்கள். மறுநாள் கோட்டில் அபராதம் கட்டினோம், அவன் நடந்தே வீட்டுக்கு வந்தான். குழியை மூடச் சொல்லி உத்தரவு. முதல் கூடை மண்ணை நான்தான் கொட்டினேன். சசி பார்த்துக்கொண்டே நின்றாள். பயந்தபடியே இருந்தேன், ஆனால் அவள் சூட்கேஸைத் தொடவில்லை.

"கிபிர் வராதுன்னு நீ பொறுப்பா?" என்றாள்.

"நான் பொறுப்பு."

அந்த ஒரு சொல்லுக்காக மூன்று வருசம் இருந்தாள். அந்த மூன்று வருசம் மாதிரி என் வாழ்க்கையில் வேறொன்றும் இல்லை. மூடிய இடத்தில் வாழை வைத்தோம். சசிக்குக் கன்னம் வந்தது. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, பின்னேரம் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து உட்கார்ந்து என்னைக் கேலி செய்வாள். நான் ஊற்றுகிற தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, "தோட்டமே உன் வீட்டுல இருக்கு, சாயம் மட்டும் இல்ல" என்பாள். இடி இடிக்கும் நாளில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் ஊரில் இடிக்குப் பஞ்சமில்லை. எத்தனையோ நாள், இன்னும் கொஞ்சம் இடிக்கட்டும் என்று நினைத்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் வந்தது, பாதை திறந்தது. சசி சூட்கேஸை எடுத்தாள்.

"அங்க முக்கா ஏக்கரு இருக்கு அக்கா. தென்ன காய்க்கிற வயசு. இங்க இந்தக் காம்பரா கூட நம்மளுது இல்லயே."

"திரும்பச் சண்ட வந்தா?"

"வராது. வீட்டுக் குழிய மூடிட்டு நானும் வாழ வைக்கப் போறேன்."

அவள் சொன்னதில் பிழை என்ன? காணி ஆசை எனக்கும் விளங்கும். ஆனாலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. பிள்ளைகளைத் தூங்க வைக்க வேண்டும் என்று சாக்குச் சொன்னேன். இன்றைக்கும் அந்தக் காலையை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

நாலு வருசம் கடிதம் வந்தது. வாழை குலை தள்ளிவிட்டதாகக்கூட ஒன்றில் எழுதியிருந்தாள். பிறகு பாதை மூடியது. இந்த வருசம் வைகாசியில் சண்டை முடிந்தது என்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். ஆடியில் வவுனியா முகாமிலிருந்து கிருஷ்ணராஜ் போன் எடுத்தான். சசி சித்திரையிலேயே போய்விட்டாள் என்றான். கடற்கரையில் குழி வெட்டி, அவளுடைய சேலைகளையெல்லாம் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கியிருந்தார்களாம். கிபிர் பக்கத்தில்தான் போட்டதாம்.

"நான் வளைச்சுத்தான் வெட்டினேன் அக்கா" என்றான். "ஆனா அது கடல் மணலு. நம்ம ஊரு மண்ணு மாதிரி நிக்கல."

கால் காயத்தோடு அவன் இன்னும் முகாமில்தான் இருக்கிறான். நிரோஷாவை மட்டும் போன கிழமை என்னிடம் விட்டார்கள். பதினாலு வயது. வந்ததிலிருந்து ஒரு சொல் பேசவில்லை, அழவுமில்லை. வீட்டில் தனியாக விட மனமில்லாமல் இன்று பிள்ளைக்காம்பராவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்குக் கொழுந்து லொறி மேட்டில் உறுமியது.

பிள்ளைகள் சொத்தென்று விழுந்தார்கள்.

அவளிடம் இதைச் சொல்லி வைக்க மறந்துபோனேன். பத்து வருசமாக, பெரியதுகள் சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுத்து, இந்த விளையாட்டு பிள்ளைக்காம்பராவை விட்டுப் போகவே இல்லை. எங்கிருந்து வந்தது என்று இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நிரோஷா எழுந்து நின்று பார்த்தாள். தரை முழுக்கக் குப்புறக் கிடக்கும் பிள்ளைகள், காதில் விரல், திறந்த வாய். ஓரத்தில் கிடந்த மூன்று வயதுக்காரன் ஒருவன் மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தான். அவள் மெதுவாகப் போய் அவன் பக்கத்தில் குந்தினாள்.

"வாயத் தொறந்து வையி" என்றாள். "காது கிழிஞ்சுரும்."

அது சசியின் குரல். அவன் வாயைத் திறந்தான். நிரோஷா அவன் பக்கத்தில் குப்புறப் படுத்து, வாயைத் திறந்தாள். லொறி போன பிறகு பிள்ளைகள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். அவள் மட்டும் எழும்பாமல், திறந்த வாயோடு, சத்தமாக அழத் தொடங்கினாள்.