ஜூன் ஒன்றில் பிறந்த நாற்பத்து மூன்று பேர்

செத்துப்போன கம்ப்யூட்டரை எழுப்பிக் கொடு என்று யாராவது வந்து நின்றால் எனக்கு எரிச்சல்தான் வரும். கோவில்பட்டியில் நான் வைத்திருப்பது பிரவுசிங் சென்டர், மாந்திரீகக் கடை இல்லை. ஆனால் 2006 மாசியில் முத்துச்செல்வி வந்து கேட்டபோது போ என்று விரட்ட மனம் வரவில்லை.

அவள் பசுவந்தனைக்காரி. போலீஸ் வேலைக்கு மனுப் போட ஆசை. வயது வரம்பு இருபத்தாறு. அவளுக்கு இருபத்து நான்கு நடக்கிறது, ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருபத்தெட்டு என்கிறது. சின்னப்பிள்ளையில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவளை மீட்டு ஒரு பள்ளியில் சேர்த்தபோது, ஆபீஸ் கொடுத்த பட்டியலைப் பார்த்துப் பிறந்த தேதியை எழுதிவிட்டார்கள். இப்போது தேதியைத் திருத்தக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். ஆபீஸ் பதிவைக் கொண்டு வா என்று வக்கீல் சொல்லிவிட்டார். வழக்கு திங்கட்கிழமை. அன்று வியாழன்.

அந்த ஆபீசை மூடி ஐந்து வருஷம் ஆகிறது. பேரேடுகள் எல்லாம் எடைக்குப் போய்விட்டன. நான் அங்கே பத்து வருஷம் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மூடுகிற அன்று, எல்லாப் பதிவும் இருந்த பெரிய கம்ப்யூட்டரான சர்வரை ஒருவரும் சீந்தவில்லை என்று நானே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அது மண்டையைப் போடுவதற்கு முன்னால் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்துவைத்திருந்தேன். எமுலேட்டர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டருக்குள்ளே பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும். உள்ளே ஓடுகிற பழைய சர்வருக்குத் தான் செத்ததே தெரியாது. இதெல்லாம் யாரோ சொல்லி முத்துச்செல்வியின் காதுக்குப் போயிருக்கிறது.

“மனுசங்கதான் மாத்திச் சொல்லுவாங்க. அதுல எங்கம்மா சொன்ன வயசு அப்படியே இருக்கும்லாக்கா,” என்றாள்.

நான் ஒன்பதாம் நம்பர் கேபினில் உட்காரச் சொன்னேன்.

என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். 1991இல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். எனக்கு வயது இருபது. ஆய்வுக்கு ஆள் வருகிறது என்று தகவல் வந்ததும், பதினாலுக்குக் கீழே இருக்கிற எல்லோருக்கும் பதினாலு போட்டுவிடு என்றார் முதலாளி. எங்கள் பக்கம் பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு வாத்தியார்கள் ஜூன் மாதத்தைப் போடுவார்கள். என் சான்றிதழிலும் ஜூன்தான். அந்தப் பழக்கத்தில் 1.6.1977 என்று ஒரு முறை அடித்து, கீழே கீழே நகல் போட்டுக்கொண்டே போனேன். அரை மணி நேர வேலை. கெட்டிக்காரி என்று ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன்.

சர்வரை ஓடவிடுவது பெரிய காரியமில்லை. அதை இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசவைப்பதுதான் பாடு. முதலாளி யாரையும் நம்பாத மனுஷர். 1991 முதலான ஆட்கள் பட்டியல், வருகைக் கணக்கு பார்க்கிற டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து கேட்டால் மட்டும்தான் திறக்க வேண்டும் என்று ஏற்பாடு. சர்வரின் சொந்தத் திரையில் உள்ளே நுழையக் கடவுச்சொல் வேண்டும், அது முதலாளியோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டது. ஆக, பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்றை டைம் ஆபீஸ் என்று பொய் சொல்லி, இரண்டுக்கும் நடுவே கம்பி இழுத்து, சர்வரை நம்பவைக்க வேண்டும்.

வியாழக்கிழமை முழுவதும் பதில் இல்லை. எமுலேட்டர் சர்வருக்குக் கொடுத்திருந்தது பொய்யான நெட்வொர்க் கார்டு. அதை நிஜக் கார்டோடு இணைக்க வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொள்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை இணைத்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. கம்பியை மாற்றினேன், கார்டை மாற்றினேன், ஒருவரும் தொடாத சுவிட்சைக் கூடத் திட்டினேன். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் பயந்து எழுந்துபோனார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறை பதில் இல்லாதபோதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. கேடுகெட்ட நிம்மதி. சர்வர் பேசவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்துவிடலாம். அந்தப் பிள்ளை வெறுங்கையோடு கோர்ட்டுக்குப் போகும், நான் வழக்கம்போலக் கடையைத் திறப்பேன். முத்துச்செல்வியோ மூன்று நாளும் காலை பஸ்ஸில் வந்து, நான் திட்டுவதை எல்லாம் கேட்டுக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் அதிகமானது.

சனிக்கிழமை காலையில் பாத்திரக்கடை காசிராஜன் அண்ணாச்சி மெயில் பார்க்க வந்தார். ஏழாம் கேபினில் ஆள் இருந்தது. அதற்கு அடுத்தது ஒன்பது. என் சென்டரில் எட்டு கிடையாது, எட்டு என்று எழுதிப்போட்டால் நம் வியாபாரிகள் அந்த நாற்காலியில் உட்கார மாட்டார்கள். பத்தில் உட்காருங்கள் என்று அவரிடம் சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

நெட்வொர்க்கில் கம்ப்யூட்டர்களுக்கு முகவரி உண்டு. தெருப் பெயரும் கதவு எண்ணும் மாதிரி. தெரு ஒன்றாக இருந்தால்தான் ஒன்றின் குரல் மற்றதுக்குக் கேட்கும். ஊர் உலகத்தில் எல்லா ஆபீசிலும் 192.168 என்றுதான் தொடங்குவார்கள். நானும் மூன்று நாளாக அந்தத் தெருவில்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் 1996இல் நெட்வொர்க் போட்ட அன்று, காகிதத்தில் நான் எழுதியிருந்ததை முதலாளி வாங்கிப் பார்த்தார். நூற்றறுபத்தெட்டில் எட்டு உட்கார்ந்திருக்கிறதே, எடு என்றார். புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது என்றேன். புத்தகம் எழுதினவனுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறதா என்று கேட்டார். நூற்றறுபத்திரண்டு போட்டேன். கூட்டினால் ஒன்பது, அவருக்குப் பரம திருப்தி.

நாற்காலியில் உட்கார்ந்தேன். இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாது. கை அந்த எண்ணை அடிக்க யோசித்தது. ஒன்பதாம் கேபினிலிருந்து முத்துச்செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்தேன். கூப்பிட்டேன். ஒரு வரி பதில் வந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. எனக்குச் சோறு போட்ட சர்வர் என்னை டைம் ஆபீஸ் என்று நம்பிவிட்டது.

பட்டியலை அச்செடுத்தேன். முத்துச்செல்வி வாங்கி, தன் பெயரைத் தேடி, விரலைக் குறுக்கே இழுத்துத் தேதியைப் படித்தாள். முகம் விழுந்துவிட்டது. சான்றிதழில் இருக்கிற அதே தேதி.

“இதுலயும் இதானாக்கா?” என்றாள்.

அவள் காகிதத்தை மடிக்கப் போனாள். பிறகு விரித்தாள். அவள் பெயருக்கு மேலே மாரித்தாய், அதே அப்பா, அதே ஊர். தேதியும் அதே.

“எங்க அக்கா என்னைவிட நாலு வயசு மூப்பு. எங்கம்மா ரெட்டப்புள்ள பெக்கலியே,” என்றாள்.

பிறகு மேலிருந்து கீழ்வரை எண்ணினாள். நாற்பத்து மூன்று பேர். எல்லோரும் ஜூன் ஒன்று, எல்லோரும் எழுபத்தேழு. என் கடையிலிருந்தே வக்கீலுக்குப் போன் போட்டாள். அவர் சந்தோஷப்பட்டார். இந்தக் காகிதம் தன்னையே காட்டிக்கொடுக்கிறது, ஆனால் காகிதம் கூண்டில் ஏறிப் பேசாது, பார்க்காமல் மொத்தமாக அடித்தது என்று சொல்ல அந்த ஆபீஸ் ஆள் ஒருத்தர் வேண்டும் என்றாராம்.

“அதுக்கு யாரக்கா வருவா? அவிய எல்லாம் எங்க இருக்காங்களோ.”

“நான் வாரேன்,” என்றேன். “அடிச்சது நாந்தான்.”

அவள் மின்விசிறிக் காற்றில் பறந்த காகிதத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளாக நான் எதற்காக அப்படி எரிந்து விழுந்தேன் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்புறம் தலையைத் தூக்கி, எனக்கு வழிவிடுகிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

“எங்களப் பாக்காமத்தானக்கா அடிச்சீங்க? பேரு மட்டும் எழுதிக் குடுத்திருப்பாங்க, இல்லையா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வக்கீலுக்கும் அதுதான் வேண்டும். பதினைந்து வருஷமாக எனக்கே நான் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் அன்று பெயர்களைச் சரியாக எழுதுவதற்காக எல்லாப் பிள்ளைகளையும் என் மேஜைக்கு முன்னால் வரிசையில் நிற்கவைத்திருந்தார்கள்.

“பாத்துத்தான் அடிச்சேன்,” என்றேன். “நீ எம் முன்னால வந்து பேரு சொன்ன. மேஜைக்கு மேல உன் கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சிது. ஒம்பது வயசுகூட இருக்காதுன்னு நெனச்சேன். நெனச்சிக்கிட்டேதான் பதினாலு போட்டேன்.”

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“அதையும் திங்கக்கிழமை அங்கன சொல்லுங்க,” என்றாள்.

அக்கா என்று சொல்லவில்லை.