விராசாக்கின் புதன்கிழமை

எங்கள் மாகாண மருத்துவமனைக்கு அந்த டயாலிசிஸ் இயந்திரம் ஜூன் மாதம் வந்தது. எந்த நாட்டிலோ பத்து வருடம் உழைத்துவிட்டு நன்கொடையாக வந்த ஒற்றை இயந்திரம். கூடவே அறுபது ஃபில்டர்கள். ஒரு முறைக்கு ஒன்று. கழுவித் திரும்பப் போட எங்களிடம் வசதி இல்லை.

அதை இயக்கக் கற்றுக்கொடுக்க பிலிப்பைன்ஸிலிருந்து டாக்டர் லிகாயா வந்தார். தன் விடுப்பைப் போட்டு, ஐந்து வாரம். எங்கள் லாவோஸில் ஏற்கெனவே இரண்டு முறை வேலை செய்தவர் என்பதால் எங்கள் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"எலிக்காய்ச்சல், பாம்புக்கடின்னு திடீர்னு கிட்னி நின்னுபோனவங்களுக்கு மட்டும் போடுங்க. நாலஞ்சு தடவையில கிட்னி தானா முழிச்சுக்கும், வீட்டுக்குப் போயிடுவாங்க. வருஷக்கணக்கா கெட்டுச் சுருங்கினதுக்குப் போடாதீங்க. ஆரம்பிச்சா நிறுத்த வழியில்ல. ஃபில்டர் தீர்ற அன்னைக்கு நீங்களே கொன்ன மாதிரி இருக்கும், புவாவன்."

பயிற்சிக்கு வந்த மூன்று டாக்டர்களில் மூத்தவள் என்பதால் என் பெயரைச் சொன்னார்.

இரண்டாவது வாரம் விராசாக் அண்ணன் விழுந்தார். எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். பாலம் மூழ்கிய ஒரு மழைநாளில் வண்டியை அக்கரையில் விட்டுவிட்டு, பிரசவ வலிக்காரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தவர். இப்போது முகமும் காலும் வீங்கி மூச்சு வாங்கியது. ஸ்கேன் பார்த்தது நான்தான். இரண்டு சிறுநீரகமும் காய்ந்த இஞ்சி போலச் சுருங்கிக் கிடந்தன. கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பு.

'அளவு இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் தொடங்கினோம். மூன்றாவது முறையில் வீக்கம் வடிந்தது. ஒட்டரிசிச் சோறு கேட்டார். "என்ன தங்கச்சி, என் எஞ்சினுக்கு ஆயில் மாத்துறியா? வண்டிக்கே ஆறு மாசத்துக்கு ஒருக்காதான் மாத்துவேன், எனக்கு வாரத்துக்கு ரெண்டு தடவையா!" வார்டே சிரித்தது. லிகாயா மட்டும் அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது வாரம் லிகாயாவே அவருக்கு ஸ்கேன் செய்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தெரியாம எழுதினியா, தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"அப்ப நீயே போய்ச் சொல்லு. இன்னியோட நிறுத்துறோம்னு."

"என்னால முடியாது. நீங்க சொல்லுங்க மேடம்."

அவர் போனார். கட்டிலருகே உட்கார்ந்தார். விராசாக் தன் மனைவி கொண்டுவந்த மூங்கில் கூடையைத் திறந்து, சோற்றை உருட்டி அவர் கையில் வைத்தார். லிகாயா அதைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லப் போனதைச் சொல்லாமலே எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. ஊருக்குப் போய் ஃபில்டர் அனுப்புவதாக மட்டும் சொன்னார். அனுப்பவும் செய்தார். அந்தப் பெட்டி சுங்கத்தில் ஏதோ ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

நாற்று நடவுக் காலத்தில் எலிக்காய்ச்சல்காரர்கள் வந்தார்கள். ஏழு பேரைப் பிழைக்க வைத்தோம். நடுவே விராசாக் மறுபடி வண்டி ஓட்ட ஆரம்பித்தார். சனிக்கிழமையும் புதன்கிழமையும் டயாலிசிஸ், மற்ற நாட்களில் ஸ்டியரிங்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை பேட்சமொன் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை அவர்தான் ஏற்றி வந்தார். எலிக்காய்ச்சல், நான்கு நாளாகச் சிறுநீர் இல்லை. என்னிடம் இருந்தவை மூன்று ஃபில்டர்கள். அன்றே ஒன்றைப் போட்டேன். மறுநாளும் போட்டிருக்க வேண்டும். போட்டால் புதன்கிழமைக்கு ஒன்றுதான் மிஞ்சும், அது அவளுக்கா விராசாக்குக்கா என்று பயந்து ஒரு நாள் தள்ளினேன்.

செவ்வாய் மாலை விராசாக்கிடம் உண்மையைச் சொன்னேன். சுருங்கிய சிறுநீரகம், பொய் ரிப்போர்ட், ரெண்டே ஃபில்டர், அந்தப் பெண்ணுக்கும் அது வேண்டும் என்பது, எல்லாம்.

"நாளைக்கு எனக்கு உண்டில்ல?" என்றார்.

"உண்டு அண்ணே."

புதன் காலை வந்து படுத்தார். சட்டைக் காலரைத் தானே விலக்கிக் கழுத்தைக் காட்டினார். நான் பொருத்தினேன். நாலு மணி நேரம் இவருக்கு, மத்தியானம் அந்தப் பெண்ணுக்கு என்று கணக்கு. இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பக்கத்து அறையில் அவள் இதயம் நின்றது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டிருந்தது. அரை மணி நேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தேன். திரும்பி வந்தபோது விராசாக் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா அலறுவது இங்கே தெளிவாகக் கேட்டது.

சாயங்காலம் உடலை ஊருக்குக் கொண்டுபோகவும் அவர்தான் போனார். வேறு ஓட்டுநர் இல்லை.

சனிக்கிழமை அவர் வரவில்லை. கடைசி ஃபில்டரை எடுத்து வைத்துக்கொண்டு மதியம்வரை பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கால் மறுபடி வீங்கியிருந்தது.

"வாங்க அண்ணே. ஒண்ணு இருக்கு."

"வழி முழுக்க அவ அம்மா எனக்கு நன்றி சொல்லிக்கிட்டே வந்தா, தங்கச்சி. திங்கக்கிழமை வேகமா ஓட்டினேனாம். 'நீ உன்னால ஆனத செஞ்சே தம்பி'ங்கிறா." நான் கெஞ்சினேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

பதினோரு நாள் கழித்து இறந்தார். கடைசி மூன்று நாள் மூச்சுக்குத் திணறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

தகனத்தன்று அவர் மனைவி கம்லா என்னைக் கோயில் மதிலோரம் நிறுத்தினாள். "ஒண்ணு மிச்சம் இருந்துச்சாமே?"

"இருந்துச்சு அக்கா. அவர்தான் வரல."

"அவர் வரலேன்னா நீ விட்டுடுவியா? நாலு பேரக் கூட்டிட்டு வந்து கட்டி இழுத்துட்டுப் போக வேண்டியதுதானே? பொய் எழுதத் தெரிஞ்ச உனக்கு அது தெரியலையா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிதையருகே நின்ற பிள்ளைகளிடம் போனாள்.