மழை ஓட்டங்கள் நீங்கலாக

மழையில் ஓடிய சோதனை ஓட்டங்களையெல்லாம் நீக்கிவிட்டு மறுபடி கூட்டிப் பார்த்தாள், கணக்காய்வாளரான அவள். பட்டியலில் வெள்ளை வண்டிக்கு நேரே உயிர்ச்சேதம் ஒன்றிலிருந்து பூஜ்யமாக இறங்கியது. அந்த ஒன்று அவளுடைய அண்ணன்.

தானாக ஓடும் வண்டிகளில் இரண்டு ரகம்; எது பாதுகாப்பானது என்று ஒப்பிட்டுச் சொல்வது அவள் வேலை. சாம்பல் வண்டி சரியான சொகுசு. ஒரு தூறல் விழுந்தால் போதும், கொட்டகைக்குத் திரும்பிவிடும். வெள்ளை வண்டி எந்த மழையிலும் ஓடும். நனைந்தவனையும் நனையாதவனையும் பக்கத்தில் நிறுத்தி யாருக்குச் சளி அதிகம் என்று கேட்பது என்ன நியாயம்? ஒரே சாலை, ஒரே வானிலை, அப்புறம்தான் ஒப்பீடு. இந்த விதியைக் கூட்டத்தில் மல்லுக்கட்டிக் கொண்டுவந்தவளே அவள்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அப்போது அண்ணன் உயிரோடு இருந்தான். வெள்ளை வண்டியில், ஆபத்து வந்தால் பிடிப்பதற்காக, ஸ்டியரிங்குக்குப் பின்னால் சும்மா இருப்பது அவன் உத்தியோகம். உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என்று அண்ணி கேலி செய்வாள். ஓர் அடைமழையில் வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. அவன் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"மழைக்குத் தனியா ஒரு ஒப்பீடு போடலாமே சார்?"

"எதோடம்மா ஒப்பிடுவ? சாம்பல் வண்டிப் பக்கம் மழை ஓட்டம் ஒண்ணுமே இல்லையே," என்றார் மேலாளர்.

அவர் சொன்னது சரி. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அலுவலக வாசலில், பஸ் நிறுத்தத்தில் அண்ணி காத்திருந்தாள். "அவரைச் சேத்துட்டியா?"

"இல்ல அண்ணி. சேக்க முடியாது. நான் போட்ட விதிதான்."

அண்ணி கத்தியிருந்தால் தேவலாம். "அப்போ அவர் எதுலயுமே வரமாட்டாரா?" என்று மட்டும் கேட்டாள்.

தூறல் போட்டது. சாம்பல் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டகைக்குத் திரும்பின. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வண்டி மழைக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவர் ஜன்னலை இறக்கி, கையை நீட்டி, பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இவரும் கணக்குல வரமாட்டார், இல்ல?" என்றாள் அண்ணி.

கை உள்ளே போனது. ஜன்னல் மெல்ல மேலேறியது.