சின்னவனுக்கென்று ஒரு ஜாடி

அந்த மனுஷனிடம் போய் பாஸ்தாவில் கொஞ்சம் க்ரீம் ஊற்றச் சொன்னால் போதும், அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு கிடையாது. வாசலைக் காட்டிவிடுவார். காரத்தைக் கூட்டு, பூண்டைக் குறை, மேலே சீஸைத் தூவு என்று யார் வந்து தலைகீழாக நின்றாலும் நடக்காது. இத்தாலியின் தென்கோடியில், பூட்ஸ் காலின் குதிகால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியில், ஒரு சின்ன ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர் அவர். அங்கே எப்படியோ, இங்கே நம் ஊரில் போட்ட கடையிலும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் அவருக்கு 'இத்தாலி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார்.

கடை அவருடையது, அடுப்பும் அவருடையது. கூடத்தைப் பார்த்துக்கொண்டது அவருடைய மனைவி. மேசை துடைப்பவர் முதல் காய்கறி கொண்டுவருபவர் வரை எல்லோரும் அவளை அண்ணி என்றே கூப்பிட்டார்கள். அதற்குக் காரணம் சின்னவன், அதாவது இத்தாலியின் தம்பி. இரண்டாவது அடுப்பு அவன் பொறுப்பு. பொழுது விடிந்ததும் "அண்ணி, அண்ணி" என்று அவன் போட ஆரம்பிக்கும் சத்தத்தில் அவள் கடைக்கே அண்ணியாகிப்போனாள்.

அண்ணனைக் கிண்டல் செய்ய உலகத்தில் உரிமை உள்ள ஒரே ஆள் அவன்தான். அந்த ஊர்ப் பாஸ்தா குட்டிக் காது மாதிரி இருக்கும். மாவைக் கிள்ளிக் கட்டைவிரலால் இழுத்துச் சுருட்ட வேண்டும். சுருட்டிக்கொண்டே அவன் சொல்வான்: "அண்ணே, தினம் ஆயிரம் காது செய்யறோம். ஒரு காதாவது கஸ்டமர் சொல்றதைக் கேக்குதா பாரு." வேறு எவனாவது சொல்லியிருந்தால் கரண்டி பறந்திருக்கும். இத்தாலி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

கடையில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு சின்னத் தட்டில் கத்தரிக்காய் வரும். நீளநீளமாக அரிந்து, உப்புப் போட்டுக் கல்லை ஏற்றி, தண்ணீரைப் பிழிந்து, வினிகரிலேயே கொதிக்கவிட்டு, துணியில் உலர்த்தி, பூண்டோடு ஜாடியில் அடைத்து மூழ்க மூழ்க எண்ணெய் ஊற்றி வைப்பது. அண்ணிக்கு அந்த வினிகர் நெடியே ஆகாது. கொதிக்கிற அன்றைக்குக் கண்ணெல்லாம் எரியும். சாப்பிடுபவர்களும் முதல் வாய்க்கு முகத்தைச் சுளிப்பார்கள். புளிப்பைக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், பத்திரிகையில் எழுதுகிற ஒருத்தர் கேட்டார், அண்ணியே கேட்டிருக்கிறாள். "முடியாது"ன்னா முடியாதுதான்.

அன்றைக்குக் காலையில் சின்னவன் கடைக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கத் தடுமாறினான்.

"அண்ணி, ரெண்டு அடுப்பு நாலாத் தெரியுது."

"ராத்திரி எவ்வளவு ஊத்தின?" என்றாள் அவள். பாத்திரம் கழுவுகிற அக்கா வேறு, "நாலு அடுப்புன்னா நாலு ஆள் சம்பளம் கேளுப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். அப்போதுதான் அண்ணி கவனித்தாள். அவன் இமைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை. வாய் வறண்டு உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொடுத்தால் அது தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியாக வந்தது. "குடிக்கல அண்ணி" என்றான். நாக்குத் தடித்துப்போய் அந்த இரண்டு வார்த்தையே குழறியது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கையை அழுத்தச் சொன்னார், விளக்கு அடித்துக் கண்ணைப் பார்த்தார். பிறகு சேதி கேட்டு ஓடிவந்திருந்த சின்னவனின் மனைவியை விட்டுவிட்டு நேரே இத்தாலியிடம் வந்தார். இத்தாலியும் அண்ணியும் வராந்தாவில் நின்றிருந்தார்கள்.

"நீங்கதானே சமையல்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பாட்டில்லயோ ஜாடியிலயோ அடைச்சு வெச்சது, எண்ணெயில ஊறினது, அப்படி ஏதாவது இவர் சாப்பிட்டாரா? சாப்பாட்டு விஷமா இருக்கும்னு சந்தேகப்படறேன். அதுக்கு மருந்து இருக்கு. ஆனா எங்ககிட்ட இல்ல, வேற இடத்துலேருந்து வரவழைக்கணும். சீக்கிரம் போட்டாத்தான் பிரயோஜனம்."

"கத்தரிக்காய் உண்டு" என்றார் இத்தாலி. "அதைத்தான் எல்லாரும் சாப்பிடறோம். நான் சாப்பிட்டேன், இவ சாப்பிட்டா, கடைக்கு வந்தவங்க சாப்பிட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லையே."

"அவர் மட்டும் தனியா எதுவும் சாப்பிடலையே?"

"இல்ல."

அண்ணியும் தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மை. டாக்டரம்மா அரைமனதாக, அப்படியானால் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், வேறு பரிசோதனைகளைப் பார்க்கலாம் என்று போனார்.

விடிவதற்குள் சின்னவனுக்கு மூச்சு இழுக்க நெஞ்சு எழும்பவில்லை. குழாயைப் போட்டு இயந்திரத்தில் மாட்டினார்கள். நடுவில் கொஞ்ச நேரம் இதயமும் நின்றுபோய், மார்பை அழுத்தி அழுத்தித் திருப்பிக் கொண்டுவந்தார்களாம். அவன் மனைவி கண்ணாடிக் கதவுக்கு வெளியே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள். அழவும் இல்லை, பேசவும் இல்லை.

காலையில் திரும்பிப் பார்த்தால் இத்தாலியைக் காணோம். ஃபோனையும் எடுக்கவில்லை. கடைக்குத்தான் போயிருப்பார் என்று அண்ணி ஓடினாள். முன்கதவு பூட்டியிருந்தது, பின்கதவு திறந்திருந்தது. அவர் பாத்திரம் கழுவுகிற தொட்டியின் முன்னால் நின்றிருந்தார். கையில் ஒரு ஜாடி. கடையின் பெரிய ஜாடிகளில் ஒன்றல்ல அது. ஊறுகாய் ஜாடி அளவுக்கு, பாதி காலியாகியிருந்தது. குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

"என்னங்க அது?"

அவர் திரும்பவில்லை. அவள் கிட்டே போய்க் குழாயை மூடினாள், ஜாடியைப் பிடுங்கி மோந்து பார்த்தாள். பூண்டு வாசனை இருந்தது, எண்ணெய் வாசனை இருந்தது. கண்ணை எரிக்கிற அந்த நெடி மட்டும் இல்லை.

"இதுல வினிகர் எங்க?"

"பல்லு கூசுதுன்னான்" என்றார் இத்தாலி. "'அண்ணே, எனக்கு மட்டும் புளிப்பில்லாம ஒண்ணு போடேன்'னான். சின்ன வயசுலேருந்து அவன் எங்கிட்ட எதுவும் கேட்டதில்ல. வெறும் தண்ணியில கொதிக்கவெச்சுப் போட்டேன். அவனுக்கு மட்டும்."

உலகமே கேட்டும் வளையாத மனுஷன் தம்பி கேட்டதும் வளைந்திருக்கிறார். வளையக்கூடாத ஒரே இடத்தில் வளைந்திருக்கிறார். ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"நேத்து அந்தம்மா தனியா எதுவும் சாப்பிட்டாரான்னு கேட்டாங்களே. அப்ப இது உங்களுக்கு ஞாபகம் வரலையா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லிவிடு, மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடு என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"வந்துச்சு" என்றார் அவர்.

"அடப்பாவி மனுஷா!"

"நான் கையால போட்டதுடி. நான் போட்டது எப்படிக் கெட்டுப்போகும்? டேஸ்ட் பாத்துத்தான் குடுத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. எத்தனை வருஷமாப் போடறேன், ஒரு நாள் ஒரு ஜாடி கெட்டிருக்கா? அதான்... அதுவா இருக்காதுன்னு..."

"அதுவா இருக்காதுன்னா ஏன் கழுவி ஊத்த வந்தீங்க?"

அவள் ஜாடியைப் புடவையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஓடினாள். கடையை மூடுவார்கள், போலீஸ் வரும், ஊரே காறித்துப்பும். எல்லாம் அவள் மண்டையில் ஓடத்தான் செய்தது. ஓடிவிட்டுப் போகட்டும் என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா ஜாடியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். புளிப்பு இல்லாமல், காற்றுப் புகாமல், எண்ணெய்க்கு அடியில் கிடக்கும்போதுதான் அந்தக் கிருமி விஷத்தைக் கக்குமாம். வாசனை மாறாது, ருசியும் மாறாது. ஒரு துணுக்கு சாப்பிட்டவர் தப்பிப்பதும் உண்டு, நாள்தோறும் தட்டு நிறைய சாப்பிட்டவர் தப்புவது கஷ்டம். மருந்துக்கு உடனே ஆள் அனுப்பினார்கள். மத்தியானம் மருந்து வந்தது, ஏற்றினார்கள். ஆனால் இதயம் நின்றிருந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் போகாமல் நடந்த சேதத்துக்கு அந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மறுநாள் காலை சின்னவன் போய்விட்டான்.

உடலை வாங்கக் காத்திருந்த இடத்தில் மூன்று நாற்காலிகள் இருந்தன. சின்னவனின் மனைவி ஒன்றில், அண்ணி பக்கத்தில். இத்தாலி உட்காரவில்லை. டாக்டரம்மா வந்து ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பும்போது அவரே வழிமறித்தார்.

"முதல் நாளே நான் சொல்லியிருந்தா?"

டாக்டரம்மா உட்கார்ந்திருந்த பெண்ணை ஒரு தரம் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர் போலிருக்கிறது. "மூச்சு நிக்கிறதுக்கு முன்னாடியே மருந்து போட்டிருக்கலாம். பெரும்பாலும் பிழைச்சிருப்பார்" என்றார்.

அண்ணி பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்தாள். கத்தப்போகிறாள், புருஷனின் அண்ணன் என்றும் பார்க்காமல் சட்டையைப் பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தாள். பிடித்தால் தடுக்கக்கூடாது என்றும் நினைத்தாள். அவளோ கையை விடுவித்துக்கொண்டு இத்தாலியை நிமிர்ந்து பார்த்தாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"மாமா, அந்தக் கத்தரிக்காயைக் கொஞ்சம் டப்பாவுல போட்டு அவர் வீட்டுக்கும் கொண்டு வந்தார். சோத்துக்குக்கூட இல்ல, வெறும் வாயிலயே சாப்பிட்டார். நானும் ஒரு வாய் கேட்டேன். தர மாட்டேன்னுட்டார். 'போடி, எங்கண்ணன் யாருக்காகவும் எதையும் மாத்தாதவன். எனக்காக மாத்தியிருக்கான். இது எனக்கு மட்டும்தான்'னு டப்பாவை அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டார். அன்னிக்கு அவர் மூஞ்சியப் பாத்திருக்கணும் மாமா, அவ்வளவு சந்தோஷம்."

இத்தாலி சுவரைப் பிடித்துக்கொண்டார். போதும், விடு என்று சொல்ல அண்ணிக்கு வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவள் சொல்லி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.