மூன்று கூறு, ஒரு கொசுறு

சந்தையில் காய்களைக் கூறு கட்டி விற்பவள் நான். பார்வைக்கு நல்ல தக்காளி மேலே, அடிபட்டது அடியில். அதனால், அண்ணன் கூடத்துத் தரையில் பிரித்து வைத்திருந்த மூன்று கூறுகளைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் இருந்தது வாடகை வீடு. சீக்கிரம் காலி செய்துவிடலாம், அதற்குள் சாமான்களைப் பிரித்துக்கொள்ளலாம் என்று அண்ணன் எங்களைக் கூப்பிட்டிருந்தான். அவன் கூறில் பீரோ, மின்விசிறி, அம்பாரமாகப் போர்வைகள். என் கூறில் மேலே பளபளவென்று ஒரு குக்கர். அதைத் தூக்கினால் ஓட்டை வாளி, பிடி உடைந்த வாணலி. என் தொழிலை என்னிடமே காட்டியிருந்தான். தம்பியின் கூறில் ஒரு பாத்திர அடுக்கு, தையல் மெஷின்.

அந்த மெஷினை மிதிப்பவள் எங்கள் கடைசித் தங்கை. நாற்பதை நெருங்குகிறாள், இவர்களுக்கு இன்னும் பாப்பா. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவுக்குச் சோறு ஊட்டி, மலம் அள்ளியவள் அவள்தான். அப்போதெல்லாம் இந்த இரண்டு பேரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போதும் ஜன்னலோரம், தைக்க வந்த துணிக் குவியலுக்குப் பின்னால் தலை மட்டும் தெரிய, பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு பேருக்கு மூணு கூறுதானே இருக்கு?" என்றேன்.

"பாப்பாவுக்கு எதுக்குத் தனியா?" என்றான் அண்ணன். "மெஷின் தம்பி வீட்டுக்குப் போகுது. அவளும் அங்கதான் போறா."

தம்பி தலையாட்டினான். "எங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்க்கா. நாங்க வேலைக்குப் போயிட்டா பிள்ளைங்களப் பாத்துக்க ஆளில்ல."

ஒரு கூறு வாங்கினால் கூடவே ரெண்டு பச்சை மிளகாய் போடுவேன். கொசுறு. அதற்கு விலையும் கிடையாது, மரியாதையும் கிடையாது. என் தங்கையை மெஷினோடு கொசுறாகப் போட்டிருக்கிறார்கள்.

"அவ என்ன கொசுறா?" என்று கத்தினேன். "அவளுக்கும் வாய் இருக்கில்ல, கேட்டீங்களா?"

"கூறு கெட்டவளே, கத்தாத. அக்கம்பக்கத்துல கேக்கும். அவ தனியா எங்க இருப்பா?" என்றான் அண்ணன்.

கூறு கெட்டவளாம்! நாள் முழுக்கக் கூறு கட்டுகிற என்னைப் பார்த்து! என் கூறைக் காலால் எத்தினேன். வாளி உருண்டு ஓடியது. அவன் போர்வைகளை இழுத்து நடுக்கூடத்தில் எறிந்தேன், பாத்திர அடுக்கைச் சரித்தேன். எல்லாம் ஒரே குப்பைமேடாகிவிட்டது.

"முதல்ல இருந்து பிரி. நாலு கூறு. மெஷின் அவளுக்கு."

தம்பி ஓடிப்போய் மெஷினைப் பிடித்துக்கொண்டான். மறுபக்கத்தை நான் பிடித்தேன்.

தங்கை நூலைப் பல்லால் கடித்துவிட்டு எழுந்தாள்.

"ரெண்டு பேரும் கைய எடுங்க. மெஷின் எங்கயும் போகாது. நானும் போகமாட்டேன். இத்தனை வருஷமா இந்த வீட்டு வாடகைய யாரு கட்டுனதுன்னு நெனச்சீங்க? வீட்டுக்காரர்கிட்டப் பேசியாச்சு. நான் இங்கதான் இருக்கப்போறேன்."

என்னிடமும் சொல்லவில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நானும்தான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப இந்தச் சாமானெல்லாம்?" என்றான் தம்பி.

"கூறா அள்ளுங்க, குவியலா அள்ளுங்க. எனக்குத் தரை வேணும், துணி வெட்டணும்." என் பக்கம் திரும்பினாள். "கொட்டினது நீதானக்கா? நீயே மொதல்ல அள்ளு."

குனிந்து ஓட்டை வாளியை எடுத்தேன்.