ஆறு வரி குறைந்த பக்கம்

1

ஒரு பக்கத்தில் ஆறு வரி குறைந்ததால் பிறந்த கதை இது. எங்கள் கல்லூரி ஆண்டு மலரில், வளாகத்துக்குள் இருக்கும் சின்ன ஜெப ஆலயத்தைப் பற்றி ‘சிற்றாலய வரலாறு’ என்று ஒரு பக்கம் உண்டு. முந்தின வருடப் பக்கத்தை அப்படியே எடுத்துப் போடுவது மரபு. மாறாத பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நான் மலருக்கு மாணவ ஆசிரியரான முதல் வருடம் எழுத்துரு மாறி, அடியில் ஆறு வரிக்கு இடம் காலியானது. நிரப்பினேன்.

ஆலயத்தைக் கட்டிய கொத்தனார், இறந்துபோன தன் மகளின் சிலேட்டைப் பீடத்தடிக் கல்லுக்குக் கீழே வைத்து மூடினார் என்று.

(கொத்தனார் என் கற்பனை. மகளும்தான். சாகடித்தது ஒரு வரி மிச்சமிருந்ததால்.)

2

“நூறாண்டுகளாக அந்தக் கல் எதையோ சொல்லத் துடித்து” என்று கதையைத் தொடங்கிப் பார்த்தேன். வேண்டாம். கல்லுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் பக்கம் இதுவரை மூன்று மலர்களில் வந்துவிட்டது. ஆகவே மூன்று ஆதாரங்கள். தேர்வுக்குப் போகிறவர்கள் கல்லைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். நானும் தொட்டேன். தேறினேன்.*

* ஒரு மதிப்பெண்ணில்.

3

இப்போது ஆலயத்தை இடித்துக் கார் நிறுத்த இடமாக்க நிர்வாகம் முடிவுசெய்திருக்கிறது. பழங்கட்டடங்களைக் காக்கும் குழு குறுக்கே நிற்கிறது, என் ஆறு வரியைக் கையில் பிடித்துக்கொண்டு. நாளை பத்து மணிக்குக் கல்லைப் பெயர்க்கிறார்கள். சிலேட்டு இருந்தால் ஆலயம் பிழைக்கும்.

முதல்வர் கூப்பிட்டார்.

“சிலேட்டு விஷயத்தை எங்கேர்ந்துப்பா எடுத்தே?”

“பழைய தாள் ஒண்ணு சார்.”

“எவ்வளவு பழசு?”

“நான் பார்க்கும்போதே பழசாத்தான் சார் இருந்துது.”



4

ஆலயத்தைப் பெருக்கும் அக்கா, கணவரோடு அதன் பின்னறையில் இருபது வருடமாகக் குடியிருக்கிறார். ஆலயம் போனால் அறையும் போகும். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் பெஞ்சு துடைப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும் தம்பி. அந்தக் கல்லை எடுத்து மறுபடி போட்டதே எங்க வீட்டுக்காரருதான், பத்து வருஷம் முன்னாடி. கீழே வெறும் மணல்.”

“ஏன்க்கா சொல்லலை?”

“நீ சொன்னியா?”

துணியைப் பிழிந்தார்.

“எம் பொண்ணு சிலேட்டு பரண்ல சும்மாதான் கிடக்கு.”

“பொண்ணு...?”

“நல்லாத்தான் இருக்கா. பேங்க்ல வேலை. நீ பாட்டுக்கு அவளையும் கொன்னுடாதே.”

கொண்டுவந்து காட்டினார். மரச்சட்டத்தில் ஒரு பூனைப் படம் கீறியிருந்தது.

“பூனையாக்கா?”

“மாடுன்னு சொல்லுவா.”

5

முடிவு அ: ஒப்புக்கொள்கிறேன். நான் யோக்கியன், அக்கா தெருவில்.

முடிவு ஆ: சிலேட்டை வைக்கிறோம், மாட்டிக்கொள்கிறோம். இருவரும் தெருவில்.

முடிவு இ: மாட்டிக்கொள்ளவில்லை. இனி வருடாவருடம் அந்தப் பக்கம் அப்படியே

6

மதியம் ஒன்றரை. எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில். முதல் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கல்லைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அக்காவின் வீட்டுக்காரருக்கு முதுகுவலி. நடந்ததெல்லாம் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

“எழுதி முடிச்சிட்டியா?”

“முடிவு வரலைக்கா.”

“அது வரும்போது வரட்டும். நீ வந்து இந்தப் பக்கம் பிடி.”

எனக்கு இரண்டு கையும் வேண்டும். இந்தத் தாளைக் கொஞ்சம் வைத்திருங்கள். கொடுத்துவிடத் தோன்றினால், முதல்வர் அறை மாடியில், இடதுபுறம். நாளை ஒன்பது மணிக்கே வந்துவிடுவார்.